மிச்சப் பால்

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை ஒன்று உண்டு. அதைச் சண்டை போட்டு வாங்கி, ஒட்டடை அடித்து, ஜன்னலுக்குத் திரை மாட்டி, வியாழக்கிழமைதோறும் அங்கே கூட்டம் நடத்திக்கொண்டிருந்தாள் பால் அக்கா. நர்ஸ் உத்தியோகம். தாய்ப்பால் கொடுக்கத் தெரியாமல் விழிக்கிற தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை, அதனால் அந்தப் பெயர். ஆனால் வியாழக்கிழமை வருகிறவர்கள் வேறு ரகம். அவர்களில் ஒருத்தியும் பிள்ளை பெற்றவள் இல்லை. தத்தெடுத்த பிள்ளைக்குத் தானே பால் கொடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர்கள்.

பெறாதவளுக்குப் பால் எப்படி வரும் என்று சிரிக்காத ஆள் அந்த ஆஸ்பத்திரியில் குறைவு. அந்த அறைக்கு 'அதிசய அறை' என்று பெயர் வைத்து, பால் அக்காவின் காதில் விழும்படியே சொல்வார்கள். அவள் மட்டும் லேசுப்பட்டவளா? "ஆமா, அதிசயம்தான். உங்க மண்டையில ஏறினா அதைவிட அதிசயம்" என்று போகிற போக்கில் போட்டுவிட்டுப் போவாள்.

தையல்காரி அந்த அறைக்கு முதன்முதலில் வந்தபோது பிள்ளை இன்னும் கைக்கு வரவில்லை. தத்து ஆபீஸில் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருந்த காலம். பார்க்காத வைத்தியமெல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு அவளும் புருஷனும் ஒருமனதாக எடுத்த முடிவு அது. புருஷன் பஸ் டிரைவர். "ரூட்டை மாத்திக்கிட்டோம், அவ்வளவுதான். போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதான்" என்று சொல்லிச் சொந்தக்காரர்களின் வாயை அடைத்தவன். அவளுக்குப் பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை. வாசலில் வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்தே, தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். முதலாளி நம்பாமல் இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தால் அவள் சொன்னதுதான் இருக்கும். இந்தக் கண்ணைப் பற்றி இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

பால் அக்கா அவள் கையில் மார்பிலிருந்து பால் உறிஞ்சுகிற பம்பு ஒன்றைக் கொடுத்தாள். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று சொன்னாள். "பிள்ளை மடியில இருக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டு வேளை தவறாம பம்பு போடு. நீ பெத்தியா பெறலையான்னு உடம்பு கேட்காது. நீ கேட்டா குடுக்கும். எவ்வளவு குடுக்கும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது. சொட்டா இருக்கலாம், கரண்டியா இருக்கலாம்" என்றாள். இந்தக் கடைசி வாக்கியம் தையல்காரியின் காதில் ஏறவே இல்லை. ஆசைப்பட்டவர்களுக்குக் காது அப்படித்தான் வேலை செய்கிறது.

கடையில் பட்டன் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பம்பு போடுவாள். அதன் சத்தம் தையல் மெஷின்களின் சத்தத்தில் அமுங்கிப்போகும். நாள் கணக்கில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு ஒருநாள் ஒரு சொட்டு. அதைச் சீருடை வெட்டி மிஞ்சிய துண்டுத்துணியில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் அது காய்ந்தே போய்விட்டது. புருஷன் அந்தத் துணியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியுது, தெரியுது" என்றான். ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல்.

பிள்ளை வந்தாள். பிறந்து சில வாரமே ஆன பெண் குழந்தை. உருவத்துக்குச் சம்பந்தமில்லாத காரமான அழுகை. "மிளகு" என்றான் புருஷன், அதுவே பெயராக நின்றுவிட்டது. அவளைச் சுற்றிக் கொண்டுவந்த துணியின் ஓரத்தை யாரோ கையால் மடித்துத் தைத்திருந்தார்கள். பெற்றவளாகத்தான் இருக்கவேண்டும் என்றார் தத்து ஆபீஸ் அம்மா, அவரும் அதற்கு மேல் சொல்லவில்லை. ஒரு தையல் நீளம், அடுத்தது குட்டை, நூலின் நிறமும் பொருந்தவில்லை. தொழில்காரியின் புத்தி, தையல்காரிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டு, அதைத் துவைத்து மடித்து அலமாரியின் உள்தட்டில் வைத்தாள்.

சொட்டுப் பாலை நம்பிப் பிள்ளையை விடமுடியாது அல்லவா? அதற்கும் பால் அக்காவிடம் வழி இருந்தது. சின்னப் புட்டி ஒன்றில் பவுடர் பால். அதன் மூடியிலிருந்து நூல் மாதிரி மெல்லிய குழாய் ஒன்று இறங்கும். புட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, குழாயின் நுனியை மார்க்காம்பை ஒட்டி டேப்பால் ஒட்டிவிட வேண்டும். பிள்ளை காம்போடு குழாயையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும். புட்டிப் பால் வயிற்றை நிரப்பும், அந்த உறிஞ்சலில் அம்மாவின் பாலும் மெல்ல ஊறும்.

"நடுவுல குழாயை ரெண்டு விரலால பிடி. புட்டிப் பால் நிக்கும். பிள்ளை விடாம இழுப்பா. அந்த இழுப்புலதான் உனக்கு ஊறும். கொஞ்சம் இழுத்ததும் விரலை விட்டுடணும், சரியா?" என்று பால் அக்கா செய்து காட்டினாள்.

"சரிக்கா."

"விட்டுடணும்."

"சரிக்கா" என்றாள் தையல்காரி மறுபடியும்.

முதல் தடவை மிளகு காம்பைக் கவ்வியபோது அவளுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை என்னவோ செய்தது. பிள்ளை குடித்துக்கொண்டே கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு அந்தப் பார்வை போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது. அது போதும் என்பதில் அவள் நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் பிள்ளைக்குப் பால் கொடுத்துக் காட்டுவது வழக்கம். குடித்து முடித்ததும் பால் அக்கா புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். அறையில் எடை மெஷின் ஒன்று இருந்தது. வார்டுக்கு அவசரம் என்று அதைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "எனக்கு எதுக்கு மெஷினு? புட்டியப் பார்த்தே சொல்லிடுவேன்" என்று அவளும் வீராப்பாக விட்டுவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை மிளகு குடித்து முடித்துத் தூங்கிப்போனாள். புட்டியில் பாதிக்கு மேல் பால் அப்படியே நின்றது.

பால் அக்கா அதைத் தூக்கிப் பார்த்தாள். கண் விரிந்தது. "இவ வயிறு நிறைஞ்சு தூங்குறா. புட்டியில பால் மிச்சம். அப்ப இவ குடிச்சது எங்கேருந்து? சொல்லுங்க பார்ப்போம்" என்று அறையைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் பதில் சொல்வதற்கு முன்பே தையல்காரியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன்கிட்டேருந்துதான், பைத்தியக்காரி."

அறையே கைதட்டியது. பம்பும் கையுமாக மாதக்கணக்கில் காத்திருந்த ஒருத்தி அழுதேவிட்டாள். பால் அக்கா அந்தப் புட்டியை மட்டும் மூடியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய், சிரித்தவர்கள் ஒவ்வொருவர் மூக்குக்கு முன்னாலும் நீட்டிவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகமாக இருந்தது. தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோதுதான் பார்த்தாள். உள்ளாடைப் பட்டைக்கு அடியில் குழாய் சிக்கி, மடங்கி, நசுங்கியிருந்தது. கொஞ்சம் இறங்கியதுமே புட்டிப் பால் நின்றுபோயிருக்கிறது. மிளகு தூங்கியது வயிறு நிறைந்து அல்ல, இழுத்து இழுத்துக் களைத்துப்போய்.

அவசரமாகப் புட்டியில் பால் கலந்து கொடுத்தாள். மிளகு ஒரே மூச்சில் குடித்தாள். அடுத்த வியாழக்கிழமை சொல்லிவிடலாம், அக்காவிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நினைத்தது உண்மைதான். ஆனால் அன்று சாயங்காலமே நாத்தனார் வந்தாள். புருஷனின் தங்கை. இரண்டு பிள்ளை பெற்றவள், இரண்டுக்கும் பால் இறங்காமல் புட்டியிலேயே வளர்த்தவள். விஷயம் அண்ணன் மூலம் அவளுக்கு எட்டியிருந்தது.

"பெத்த எனக்கு வரல. நீங்க பெறாமலே குடுக்கிறீங்க. உங்க மனசுக்குத்தான் அண்ணி" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பொறாமை இல்லாத பாராட்டு, அதுதான் வினை. வாய் வரை வந்த உண்மையைத் தையல்காரி விழுங்கினாள்.

அடுத்த வியாழக்கிழமை பால் அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். புதிதாக வந்த இரண்டு பேரை உட்காரவைத்து, "இவளைப் பாருங்க" என்றாள். தையல்காரி பால் கொடுக்க உட்கார்ந்தாள். மிளகு குடிக்கத் தொடங்கினாள். சொல்லிக்கொடுத்தபடி இரண்டு விரலால் குழாயைப் பிடித்தாள். பிள்ளை இழுத்தாள், கொஞ்சம் இழுத்ததும் விடவேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் விடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பெரிய பொய் எதுவும் அவள் சொல்லவில்லை. இரண்டு விரலை விடாமல் வைத்திருந்தாள்.

வீட்டிலும் அதுவே பழக்கமாகிவிட்டது. அதற்கு அவள் ஒரு காரணமும் வைத்திருந்தாள். புட்டிப் பால் தாராளமாக வந்தால் பிள்ளை ஏன் கஷ்டப்பட்டு இழுக்கப்போகிறாள்? கொஞ்சம் பசித்தால்தானே நன்றாக இழுப்பாள்? இழுத்தால்தானே ஊறும்? இன்னும் சில நாள்தான், நிஜமாகவே பால் வந்துவிட்டால் சொன்ன பொய்யும் நிஜமாகிவிடும் அல்லவா? குற்றம் செய்கிறவர்களுக்குக் கணக்கு எப்போதும் சரியாகவே வந்துவிடுகிறது.

புருஷன் ஷிப்ட் முடிந்து வந்து புட்டியைப் பார்ப்பான். "இன்னிக்கும் மிச்சமா? பவுடர் கம்பெனிய மூட வச்சிடுவே போலிருக்கே" என்பான். அவள் சிரிப்பாள். மிச்சப் பாலைக் கழுவும் தொட்டியில் ஊற்றும்போது மட்டும் அவன் பக்கம் திரும்பமாட்டாள்.

மிளகின் காரமான அழுகை குறைந்தது. பெரும்பாலும் தூங்கினாள். "சமத்துப் பிள்ளை. அழவே தெரியல பாருங்க" என்றாள் நாத்தனார். நனைகிற துணிகளும் குறைந்தன. வெயில் காலம், வேர்வையில் போய்விடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் கண்ணை என்ன செய்வது? பிள்ளை வந்த புதிதில் ஒரு மஞ்சள் கவுன் தைத்திருந்தாள். இந்நேரம் அக்குளில் பிடிக்கவேண்டும், மார்பில் இறுகவேண்டும். எத்தனை பிள்ளைகளுக்குத் தைத்த கை அது! கவுன் இறுகவில்லை. தொளதொளவென்று தொங்கியது. போட்டுவிட்ட மறுகணமே கண் அளந்துவிட்டது. 

அன்றைக்கு அவள் செய்த காரியத்தைத்தான் பிற்பாடு எத்தனை முறை நினைத்தாலும் அவளால் தாங்க முடியவில்லை. பிள்ளையின் மேலிருந்து கவுனைக் கழற்றினாள். மெஷினில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் விரற்கடை அளவு பிடித்துத் தைத்தாள். மறுபடி போட்டுவிட்டாள். கச்சிதமாக இருந்தது. "அட, கவுன் சரியாயிடுச்சே, மிளகு வளர்ந்துட்டா" என்றான் புருஷன்.

மாதாந்தரப் பரிசோதனைக்குப் போனார்கள். குழந்தை டாக்டர் அதிகம் பேசாதவர். "டிரஸ்ஸைக் கழற்றிட்டு எடை மெஷின்ல வைங்க" என்றார்.

மெஷினுக்கு எந்தத் தையலும் தெரியாது. முள் போன தடவை நின்ற இடத்துக்குக் கீழே நின்றது. டாக்டர் பிள்ளையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். அங்கேயே நின்றது. பிள்ளையின் தொடைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார். ஆள் விட்டுப் பால் அக்காவைக் கூப்பிட்டார்.

பால் அக்கா வந்தாள். முள்ளைப் பார்த்தாள். "இருக்காதே சார். நல்லாக் குடிக்கிறா. புட்டிப் பாலே பாதி மிச்சமாகுது, அவ்வளவு தாய்ப்பால். நானே பார்த்தேன்" என்றாள். குரலில் முதல் தடவையாக வீராப்பு இல்லை.

"நல்லாக் குடிச்சும் எடை இறங்குதுன்னா உள்ளே ஏதோ இருக்கு. ரத்தம் எடுக்கணும். குடல், சிறுநீரகம், இதயம் எல்லாத்தையும் பார்க்கணும்" என்ற டாக்டர் புருஷனிடம் திரும்பினார். "பெத்தவங்க வழியில ஏதாவது வியாதி உண்டா? தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது சார். ஆனா அங்கேருந்துதான் வந்திருக்கணும். இங்க நாங்க கண்ணுல வச்சுப் பார்த்துக்கிறோம். பெத்தவகிட்டதான் ஏதோ இருந்திருக்கு" என்றான் புருஷன்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவன். பயந்துபோனவன் எங்கேயாவது ஒரு காரணத்தைப் போட்டு வைக்கவேண்டும், போட்டான். ஆனால் தையல்காரிக்கு அலமாரியின் உள்தட்டில் இருந்த அந்தத் துணி கண்முன் வந்தது. கோணல்மாணலான தையல்கள். தைக்கத் தெரியாதவள், அனுப்பி வைக்கப்போகிற பிள்ளைக்காக உட்கார்ந்து ஓரம் மடித்திருக்கிறாள். தைக்கத் தெரிந்தவள் என்ன தைத்தாள்?

நர்ஸ் ஒருத்தி ஊசியோடு வந்தாள். மிளகின் குதிகாலைப் பஞ்சால் துடைத்தாள். நரம்பு கிடைக்கவில்லை, கையைப் பார்த்தாள், மறுபடி காலுக்கு வந்தாள். ஊசி இறங்கியது. பிள்ளை அழ வாயைத் திறந்தாள். சத்தமே வரவில்லை. மிளகு என்று பெயர் வாங்கித் தந்த அந்த அழுகை எங்கே போனது என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சொன்னால் பிள்ளை போய்விடும். தத்து இன்னும் உறுதியாகவில்லை. கோர்ட்டில் கடைசி உத்தரவு பாக்கி இருந்தது. பிள்ளையைப் பட்டினி போட்டவள் என்று தெரிந்தால் எந்த ஆபீஸ் சும்மா இருக்கும்? சொல்லாவிட்டாலோ, இல்லாத வியாதியைத் தேடி இன்னும் எத்தனை ஊசி?

"ஊசி வேண்டாம்" என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. "அவளுக்கு வியாதி எதுவும் இல்ல. பசி."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பால் வரல. சொட்டுதான் வருது, அன்னிக்கு வந்த அதே சொட்டு. குழாயை நான் பிடிச்சு வச்சுக்கிட்டேன். அதனாலதான் புட்டியில மிச்சம். முதல் தடவை தானா மடங்கிக்கிச்சு. அப்புறம் நான்தான்." வலது கையை உயர்த்தி இரண்டு விரலையும் சேர்த்துக் காட்டினாள். "இப்படி. கவுனையும் பிடிச்சுத் தச்சேன். பெத்தவங்களைச் சொல்லாதீங்க."

புருஷன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஜை மேல் கிடந்த மஞ்சள் கவுனை எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பி, அந்தப் புதுத் தையலை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான்.

 பால் அக்கா ஓடிப்போய் வார்டிலிருந்து ஒரு பால் புட்டி கொண்டுவந்தாள். மிளகை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு ரப்பரை வாயில் வைத்தாள். மடக் மடக்கென்ற சத்தம் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. தையல்காரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிடப் பெரிய தண்டனை யாரும் அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது.

டாக்டர் பிள்ளையை வார்டில் சேர்த்தார். "ஆபீஸுக்கு நான் சொல்லியாகணும். மறைக்க முடியாது" என்றார். "சொல்லுங்க" என்றாள் தையல்காரி.

சாயங்காலம் புருஷன் திரும்பி வந்தான். வார்டுக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "நான் பால் கேட்டேனா உன்கிட்ட?"

"இல்ல."

"மிச்சத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிச்சேனே. அதான் கேட்டதா ஆயிடுச்சா?"

 அவன் அவளுக்காக வாங்கி வந்திருந்த ரொட்டிப் பொட்டலத்தைக் கட்டில் மேல் வைத்து அவள் பக்கம் தள்ளினான். மன்னித்துவிட்டான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவளும் சாப்பிடவில்லையே என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆபீஸ் அம்மா வந்தார். கேள்வி மேல் கேள்வி. பால் அக்கா கூப்பிடாமலே வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். "இவ செஞ்சது தப்பு. ஆனா பாதி என்னுது. எடை போடாம விட்டது நான். புட்டியப் பார்த்தேன், பிள்ளையப் பார்க்கல. எனக்கு ஜெயிக்கணும்னு வெறி. மிச்சத்தைக் காட்டினா நான் சந்தோஷப்படுவேன்னு இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று அதிசய அறையைப் பற்றி யாரும் ஜோக் அடிக்கவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை ஆபீஸ் அம்மா. உத்தரவைத் தள்ளிவைத்தார். வாராவாரம் எடை, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருகை. தையல்காரி கடையில் லீவு சொல்லிவிட்டு வீட்டோடு இருந்தாள். குழாயையும் பம்பையும் ஒரு பையில் போட்டுக் கட்டித் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். மிளகுக்குப் புட்டியிலேயே கொடுத்தாள். அந்தக் கையால் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தாள்.

ஒருநாள் அதே பையோடு பால் அக்கா வந்து வாசலில் நின்றாள். கக்கத்தில் எடை மெஷின். வார்டோடு சண்டை போட்டு மீட்டிருந்தாள்.

"உட்காரு" என்றாள்.

"வேண்டாம்க்கா. எனக்கு இனிமே அது வேண்டாம்."

"உனக்கு வேண்டாம்னா சரி. அவளுக்கு?" பால் அக்கா மிளகைக் காட்டினாள். மிளகு புட்டியைக் குடித்து முடித்துவிட்டு, அம்மாவின் சட்டையை வாயால் தேடிக்கொண்டிருந்தாள். "தப்பு பண்ணது உன் விரல். உன் மார் என்ன பண்ணுச்சு? பாரு, இந்தத் தடவை புட்டி சுத்தமா காலியாகணும். ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் நான் மூஞ்சியத் தூக்கி வச்சுப்பேன். உன் பால் சொட்டு வந்தா சொட்டு, வராட்டிப் போகுது. பிள்ளை உன்மேல கிடந்து குடிக்கணும், அவ்வளவுதான் நாம கேட்டது. அதுக்கு மேல கேட்க வச்சது நான்."

தையல்காரி அழுதாள். அழுது முடித்துவிட்டு உட்கார்ந்தாள். அதற்கு முன் ஒரு காரியம் செய்தாள். துண்டுத்துணியில் ஒரு பட்டை தைத்தாள். குழாயை அதற்குள் விட்டுத் தோளோடு மாட்டிக்கொண்டால் கை படவேண்டிய அவசியமே இல்லை. பால் அக்கா அதைப் பார்த்தாள், எதற்கென்று கேட்கவில்லை. அந்தப் பட்டையை இப்போது வியாழக்கிழமைக்கு வருகிற எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல யோசனை என்று பாராட்டுகிறார்கள். பாராட்டு வரும்போதெல்லாம் தையல்காரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

மிளகு தேறினாள். கவுனின் தையலைப் பிரித்துவிட்டார்கள், அதுவும் பற்றாமல் போனது. அழுகை திரும்பி வந்து அக்கம்பக்கத்தைக் கிடுகிடுக்க வைத்தது. கோர்ட் உத்தரவும் வந்தது. புருஷன் அன்று வழக்கம்போல் ஜோக் அடித்தான், நடுவில் ஒருமுறை அவளைப் பார்த்தும் சிரித்தான். புட்டியைப் பற்றி மட்டும் எதுவும் சொல்வதில்லை.

ஒன்றுதான் மாறவில்லை. மிளகு குடிக்கும் விதம். பால் வரத் தொடங்கியதுமே கண்ணை விரித்துக்கொண்டு, முஷ்டியை இறுக்கிக்கொண்டு, யாரோ துரத்துகிற மாதிரி விழுங்குவாள். நெற்றியில் வேர்வை அரும்பும், மூச்சு வாங்கும். பாதிப் புட்டிக்கு மேல்தான் உடம்பு தளரும். வார்டில் இருந்தபோது பசி என்று நினைத்தாள். இப்போதுதான் பசியே இல்லையே, ஏன் இப்படி?

பால் அக்காவிடம் கேட்டாள். அக்கா பிள்ளையின் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்துவிட்டு, "ஆரம்பத்துல கொஞ்சம் வரும், அப்புறம் நின்னுபோகும்னு பழகியிருக்கா. நிக்கிறதுக்குள்ள குடிச்சிடணும்ல? மறந்துடுவா. நாளாகும்" என்றாள்.

அன்று மத்தியானம் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து மிளகை மார்பில் போட்டுக்கொண்டாள். பட்டையில் குழாய் நேராக இறங்கியது. இடது கை பிள்ளையின் தலைக்கு அடியில். வலது கையை விரித்து, பிள்ளையின் கண்ணில் படுகிற மாதிரித் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். மிளகு கவ்வினாள். கண் விரிந்தது, முஷ்டி இறுகியது.

"மெதுவா குடிடா கண்ணு. யாரும் நிறுத்த மாட்டாங்க" என்றாள்.

 பிறகு குனிந்து, பிள்ளையின் காதருகில், திருத்திச் சொன்னாள்.

"நான் நிறுத்த மாட்டேன்."

மிளகு நம்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடியே, அதே அவசரத்தில் குடித்துக்கொண்டிருந்தாள்.